திண்ணையில் வைத்துக் கேட்கிற கேள்வி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருமகளாக வந்தவர்களில் நிறையப் பேருக்குத் தாய் வீடு பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம்தான். நானும் அப்படி வந்தவள். கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, இரண்டு பக்கமும் கொங்குத் தமிழ். ரேஷன் கார்டும் பஸ்ஸின் நிறமும்தான் மாறும். (கள்ளும் மாறும் என்பார் என் மாமனார். இந்தப் பக்கம் கடையில் உட்கார்ந்து குடிக்கலாம், அந்தப் பக்கம் குடித்தால் வழக்கு.)

வளைகாப்பு முடிந்ததும் பெண் எல்லையைத் தாண்டித் தாய் வீட்டுக்குப் போகிறாள். மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ குழந்தையோடு திரும்பி வருகிறாள். கர்ப்பத்தைப் பதிவு செய்தது கேரளத்தில், பிரசவம் தமிழ்நாட்டில், வளர்ப்பு மறுபடியும் கேரளத்தில். பிறப்புச் சான்றிதழ் வாங்க பிக்மி நம்பர் (தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவு எண்) வேண்டும் என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பதிவு நடக்கும். இரண்டு பதிவு இருந்தும், குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் அவள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும் பொறுப்பு எந்த அரசாங்கத்துடையது என்று யாருக்கும் தெரியாது.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அரசே தேடிப் போய்க் கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டுமா, அது குடும்பத்து விஷயமா? இந்த வாதம் உலகம் முழுக்க நடக்கிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது. என் கொழுந்தனார் மனைவிக்குக் குழந்தை பிறந்த பிறகு, வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒருவர் "அழுகை வருதா, பயமா இருக்கா" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் கோபம். "பச்ச உடம்புக்காரிகிட்டப் போய் அழுகை வருதான்னு கேக்கலாமுங்களா? இல்லாததைக் கிளப்பி விடறதுக்கா?" என்றார் அவளுடைய பெரியம்மா. "நாங்கெல்லாம் ஆறு பெத்தோம், யாரு வந்து கேட்டா?"

இந்தக் கோபத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பிரசவத்துக்குப் பின் பெண்ணைத் தாய் வீட்டில் வைத்து, வேலை வாங்காமல், எண்ணெய் தேய்த்து, பத்தியம் போட்டு, லேகியம் கொடுத்துக் காப்பாற்றும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. மலையாளிகளிடம் வேதுகுளி, பிரசவ ரக்ஷை என்று அதைவிட விரிவாக இருக்கிறது. பிரசவம் முடிந்து சில நாட்களில் வீட்டுக்குப் போய்த் தனியாகக் குழந்தையோடு நிற்கும் மேல்நாட்டுப் பெண்ணுக்கு இந்தத் துணை கிடையாது.

ஆனால் நம் பக்கத்து ஆய்வுகள் வேறு கதையும் சொல்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2002ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களின் பட்டியலைப் பார்த்தால் நம் ஊர் சண்டை அத்தனையும் அதில் இருக்கிறது: வருமானம் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடு சரியில்லாதது, பெற்றோரோடும் சரியில்லாதது, கை உதவிக்கு ஆள் இல்லாதது. பெற்றோர் என்ற சொல்லைக் கவனியுங்கள். தாய் வீடு எல்லாருக்கும் நிழல் தருவதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் அடையாத வீட்டில், பிரசவச் செலவு யார் தலையில் என்று இரண்டு சம்பந்திகளும் முறைத்துக்கொண்டு நிற்கும் வீட்டில், அந்தப் பெண் மூன்று மாதம் படுத்திருக்கிறாள். அதே ஆண்டு வெளிவந்த கோவா ஆய்விலும் வறுமை, கணவனின் வன்முறை, பெண் குழந்தை என்றுதான் வந்தது. இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகளை, இருபதாயிரம் பெண்களுக்கு மேல், ஒன்றுசேர்த்துப் பார்த்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017ல் வந்த கணக்கு 22 சதவீதம். ஐந்தில் ஒருத்தி. தென்னிந்தியாவில் இன்னும் கொஞ்சம் அதிகம், 26.

பெரியம்மா ஆறு பெற்றபோது யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. அந்த ஆறு பிரசவத்தில் எதிலும் ஒன்றும் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நான் தனியாகக் கேட்டபோது, நாலாவது பிரசவத்துக்குப் பிறகு "ஒரு வருசம் எனக்கு நெனப்பே இல்ல கண்ணு, காத்துக் கருப்புன்னு மந்திரிச்சாங்க" என்று அவரே சொன்னார்.

மேல்நாட்டு வாதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாய்களுக்கு மாத்திரையைத் திணித்துவிடுவார்கள் என்று இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம் பாதி அங்கிருந்து வந்தது. சிகாகோவைச் சேர்ந்த மெலனி பிளாக்கர் ஸ்டோக்ஸ் என்ற பெண், மகள் பிறந்து சில மாதங்களில், 2001ல் இந்த நோயால் உயிரை விட்டார். பல முறை மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய தாயார் கரோல் பிளாக்கர் விடாமல் குரல் கொடுத்தார், நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ் இந்த நோய்க்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். நியூ ஜெர்சியில் ஆளுநராக இருந்த ரிச்சர்ட் கோடியின் மனைவி மேரி ஜோ கோடி, தனக்கே இந்த நோய் வந்ததை வெளிப்படையாகப் பேசினார். 2006ல் அந்த மாநிலம் பிரசவித்த எல்லாத் தாய்மார்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது, அமெரிக்காவிலேயே முதலாவதாக.

எதிர்ப்பும் வந்தது. இது மருந்துக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை, நல்லா இருக்கிற தாய்களுக்கெல்லாம் மாத்திரை எழுதுவார்கள் என்றார்கள். வெறும் பிதற்றல் என்று தள்ள முடியாது. மனச்சோர்வு மாத்திரைகளைத் தொடங்கும்போது இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறையே எச்சரிக்கை போட்டிருந்தது, 2007ல் அதை 24 வயது வரை நீட்டியது. முதல் பிரசவம் நடக்கும் வயது அதுதானே. கடைசியில் 2010 சுகாதாரச் சட்டத்தில் அந்த மசோதா சேர்க்கப்பட்டபோது ஆராய்ச்சிக்கும் விழிப்புணர்வுக்கும் சேவைக்கும் பணம் என்ற அளவில் நின்றது. எல்லாரையும் கட்டாயம் பரிசோதி என்று அதில் இல்லை. ஆனால் "கட்டாய மருந்துச் சட்டம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மருந்துக் கம்பெனி பற்றிய சந்தேகத்துக்கு இன்னொரு தீனி. 2019ல் பிரெக்ஸனோலோன் என்ற மருந்து இந்த நோய்க்கென்றே அங்கே அனுமதி பெற்றது. மருத்துவமனையில் 60 மணி நேரம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருந்தது, விலை 34,000 டாலர். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் தோப்பே வாங்கலாம். நாலு வருஷத்தில் மாத்திரையாக வேறொன்று வந்தது, முதல் மருந்தைக் கம்பெனியே நிறுத்திவிட்டது. இந்தச் சண்டைக்கும் நம் ஊர்ச் சுகாதார சப்சென்டருக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் ஆபத்து அளவுக்கு மீறி மருந்து கொடுப்பது இல்லை. மனசு சரியில்லை என்று போனவளுக்கு "இரும்புச் சத்து குறைவும்மா" என்று டானிக் எழுதி அனுப்புவதுதான் இங்கே நடக்கிறது.

பரிசோதனை என்றால் ரத்தம் எடுப்பது ஒன்றும் கிடையாது. கேள்வித்தாள்தான். உலகம் முழுக்கப் பயன்படுவது எடின்பரோ கேள்வித்தாள், 1987ல் ஸ்காட்லாந்தில் உருவானது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே பழித்துக்கொண்டீர்களா, பதற்றம் இருந்ததா என்று போகும். தூக்கம் பற்றி ஒன்று இருக்கிறது, நல்லவேளை "சரியாகத் தூங்கினீர்களா" என்று கேட்கவில்லை, கேட்டால் எந்தத் தாய் தேறுவாள்? மனக்கஷ்டத்தால் தூக்கம் வராமல் போனதா என்று கேட்கிறது. பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. தமிழில் இது செல்லுபடியாகுமா என்று வேலூரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் மதிப்பெண் கூடினால் நோய் என்று அர்த்தமில்லை. டாக்டர் பார்க்க வேண்டும் என்று மட்டும் அர்த்தம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2020ல் வந்த முடிவின்படி, 11 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தால் நோயுள்ளவர்களில் 81 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். நூறு தாய்மார்களில் இருபது பேருக்கு நோய் என்று வையுங்கள். பதினாறு பேர் அகப்படுவார்கள், நாலு பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத எண்பது பேரில் ஏறக்குறைய பத்துப் பேர் சும்மா மாட்டுவார்கள். ஆக இருபத்தாறு பேரை டாக்டரிடம் அனுப்பினால் பத்துப் பேர் "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று திரும்பி வருவார்கள். டாக்டர் இருக்கிற ஊரில் இது பெரிய நஷ்டமில்லை. பஸ் ஏறி, கைக்குழந்தையோடு, மாமியாருக்குக் காரணம் சொல்லி, ஒரு நாள் கூலியை விட்டுப் போக வேண்டிய ஊரில் நஷ்டம்தான்.

அதனால்தான் படித்தவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016ல், தொடர்ந்து சிகிச்சை தர ஏற்பாடு இருக்கும் இடத்தில் கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் பரிசோதியுங்கள் என்றது. கனடாவின் குழு 2022ல், எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுவது வேண்டாம் என்றது. வழக்கமான பரிசோதனையில் டாக்டரோ நர்ஸோ மனநலம் பற்றி விசாரிப்பார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னது அது. அங்கே விசாரிப்பார்கள். நம்மிடம் வழக்கமான பரிசோதனையில் அந்த விசாரிப்பு கிடையாது என்பதால் கனடாக்காரர்களின் முடிவை எடுத்துக்கொண்டு வந்து இங்கே காட்டுவது பொருந்தாது.

கேரளம் இதில் முன்னால் போயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் 'அம்ம மனஸ்' என்ற பெயரில் கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் களப்பணி நர்ஸ்கள் விசாரிக்கிறார்கள், தேவைப்பட்டால் மேலே அனுப்புகிறார்கள். கேரளத்துக்கு ஏன் இந்த அவசரம் வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு 2004 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறது. ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் இவற்றால் சாவது குறையக் குறைய, தற்கொலை பட்டியலில் மேலே ஏறி வந்தது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கேரளத்தில் 19 தாய் மரணம், தமிழ்நாட்டில் 54. உடம்பைக் காப்பாற்றப் படித்துவிட்ட மாநிலத்தில்தான் மற்றது கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்நாடும் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

சரி, திட்டம் இருக்கிறது. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது? என் கொழுந்தனார் மனைவியைத் திண்ணையில் உட்கார வைத்துத்தான் கேட்டார்கள். பக்கத்தில் அம்மா, பெரியம்மா, பால் ஊற்ற வந்த பக்கத்து வீட்டு அக்கா. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். "நல்லாத்தானுங்க இருக்கேன் சிஸ்டர்" என்றாள். வேறென்ன சொல்வாள்? அன்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் செய்தாள். "அக்கா, குழந்தை அழுதா எனக்கு எழுந்திருக்கவே தோண மாட்டேங்குது. நான் செத்துட்டா இவன யாராச்சும் நல்லா வளத்துருவாங்கல்ல?" (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னதே அவள்தான்.)

அவள் கேள்விக்குப் பொய் சொன்னதில் நர்ஸின் தவறு எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நர்ஸுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடோ. வீடு வீடாகப் போகும் கிராமச் சுகாதாரத் தொண்டர்களான ஆஷா பணியாளர்கள் நிலைமையும் தெரியும். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அப்போது மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம், அதை 21,000 ஆக்குங்கள் என்று கேட்டு. பல மாதம் நடந்தது அந்தப் போராட்டம். தாயின் மனசைத் தேடிப் போகும் அரசு அந்தத் தேடலை யார் தோளில் ஏற்றுகிறது என்று பார்த்தால் கடைசியில் இவர்கள்தான் நிற்கிறார்கள். எனக்குப் பழக்கமான ஆஷா சேச்சி ஒருவர் நல்ல தமிழ் பேசுவார். அவர் கேட்டது என்னை யோசிக்க வைத்தது: "அவ உண்மையச் சொல்லிட்டான்னு வை. சாக்லாம்னு தோணுதுன்னு சொல்லிட்டா. அப்பறம் நான் அன்னிக்கு ராத்திரி எப்படி வீட்டுக்குப் போவேன்?" கேள்வித்தாளை அச்சடிக்கும் யாரும் அவருக்கு இதற்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

பதில் ஒன்று பாகிஸ்தானிலிருந்து வந்திருக்கிறது. அங்கே கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மார்களோடு வீட்டில் உட்கார்ந்து முறையாகப் பேச வைத்தார்கள். அதிஃப் ரஹ்மான் என்ற மருத்துவர் முன்னின்று நடத்திய ஆய்வு, 2008ல் வந்தது. 903 தாய்மார்கள். ஆறு மாதம் கழித்து, அப்படிப் பேசிய பகுதிகளில் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23 சதவீதம், மற்ற பகுதிகளில் 53. மருந்தே இல்லாமல், டாக்டரும் இல்லாமல். உலக சுகாதார நிறுவனம் அந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டது, கோவாவில் அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்தே அதை நடத்திப் பார்த்தார்கள். ஆனால் இதற்கெல்லாம் நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். ஆஷாவின் மதிப்பூதியத்துக்குள் இதையும் திணித்தால் திண்ணைக் கேள்விதான் கிடைக்கும்.

மருந்து தேவைப்படுகிறவர்களும் உண்டு, என் கொழுந்தனார் மனைவி அதில் ஒருத்தி. கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் முதலில் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார், பிரசவத்துக்குப் பின் தைராய்டு புரண்டாலும் இதே மாதிரிதான் இருக்குமாம். பிறகு செர்ட்ராலின் எழுதினார். தாய்ப்பாலில் கலப்பது மிகக் குறைவு, பாலை நிறுத்த வேண்டாம் என்றார். வீட்டில் எல்லாரும் பயந்தது அந்தப் பாலைப் பற்றித்தான். இன்னொரு பயம், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்பது. 2017 மனநலச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றே சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. இந்தத் தகவலை ஒரு நர்ஸ் ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். யாருக்காவது இன்றைக்கே பேச ஆள் வேண்டுமென்றால் 14416க்கு போன் செய்யலாம், டெலிமானஸ், மத்திய அரசின் இலவச எண். தமிழிலும் பேசுவார்கள், மலையாளத்திலும் பேசுவார்கள்.

எல்லையில் இருக்கிறவளாக எனக்குத் தோன்றுவது இது. வீட்டுக்குப் போய்க் கேட்பதைவிட ஊசி போடும் நாளில் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா 42 நாளுக்குள் ஆறு முறை பார்க்க வேண்டும், அப்புறம் மூன்றாம் மாதம் தொடங்கி இன்னும் ஐந்து முறை. இத்தனை வருகையும் குழந்தையின் எடைக்கும் பாலுக்கும்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெண் எல்லையைத் தாண்டினால் அதுவும் அறுந்துவிடும். ஆனால் ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் ஊசியை எந்தக் குடும்பமும் விடுவதில்லை. பொள்ளாச்சியில் போட்டாலும் சித்தூரில் போட்டாலும் அட்டையைக் காட்டினால் போதும், மாநிலம் கேட்பதில்லை. அந்த அட்டையிலேயே தாய்க்கும் ஒரு வரி இருந்தால், அங்கே கேட்டதை இங்கே தொடரலாம். ஹாங்காங்கில் கூட, குழந்தையோடு நலமையத்துக்கு வரும் தாய்களிடம்தான் இந்தக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனும் தெரிந்தது.

போன கிராம சபையில் இதை எழுதிக் கொடுத்தேன். கேள்வித்தாள் தமிழில் வேண்டும் என்றும் சேர்த்தேன். அதில் யாரும் முகம் சுளிக்கவில்லை. 1969ல் போட்ட கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழருக்கு அரசோடு தமிழில் எழுத உரிமை இருக்கிறது. தனி அறையில் கேட்க வேண்டும் என்பதில்தான் இழுத்தது. "சப்சென்டர்ல ஒரே ரூமுதானுங்களே டீச்சர், அதுலதான் தராசும் ஐஸ் பெட்டியும்" என்றார் வார்டு மெம்பர். உண்மைதான். ஆனால் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அந்த நேரம் பாட்டிமார்கள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மருமகளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் போதும், புது ரூம் கட்ட வேண்டியதில்லை என்றேன். மெம்பர் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.